ஓட்டு இல்லாவிட்டாலும் உள்ளாட்சியில் காரியம் நடத்தலாம்: இளைஞர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூட வாசலில் சாலையைக் கடக்க ஒரு கடவை வேண்டும். ஆறு மணிக்கே பூட்டிவிடும் நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்க வேண்டும். விளையாட்டுத் திடலில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும். இளைஞர்களிடம் அவர்கள் வசிக்கும் இடத்தைப் பற்றிக் கேட்டால் வரும் குறைகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். இவற்றுக்காக நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. நகராட்சி, மாநகராட்சி, ஊராட்சி, பிரதேச சபை என்று எந்தப் பெயரில் இயங்கினாலும், உள்ளூர் நிர்வாகமே முடிவெடுத்துச் செய்துவிடக்கூடிய வேலைகள் இவை.

அப்புறம் ஏன் நடப்பதில்லை? யாரோ தடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். தடுப்பவர்கள் இருக்கும் விவகாரங்களும் உண்டுதான். ஆனால் சின்னக் கோரிக்கைகளில் பல யாரும் எதிர்க்காமலேயே செத்துப்போகின்றன. எந்த அதிகாரியின் கோப்பிலும் அது இருக்காது, எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இருக்காது, பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு வரியும் இருக்காது. கோப்பு, நிகழ்ச்சி நிரல், பட்ஜெட் ஆகிய இந்த மூன்று இடங்களிலும் உங்கள் கோரிக்கையை ஏற்றுவதுதான் முழு வேலையும். கோஷம், போஸ்டர், ஹேஷ்டேக் எல்லாம் அதற்கு உதவினால் சரி, உதவாவிட்டால் வீண்.

முதலில், எல்லோருக்கும் வரும் சந்தேகம்

ஓட்டு இல்லாதவர் பேச்சை யார் கேட்பார்கள்? சட்டத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறது. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவு, 18 வயதுக்கு உட்பட்டவர்கள் தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லலாம், அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தர வேண்டும் என்கிறது. அமைதியாகக் கூடவும் சங்கமாகச் சேரவும் உள்ள உரிமை 15-வது பிரிவில் இருக்கிறது. அமெரிக்காவைத் தவிர ஐ.நா.வின் உறுப்பு நாடுகள் அனைத்தும் இதை ஏற்று உறுதி செய்திருக்கின்றன.

சில இடங்கள் இன்னும் தூரம் போயிருக்கின்றன. ஆஸ்திரியா 2007-இல் வாக்களிக்கும் வயதை 16 ஆக்கியது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள டகோமா பார்க் என்ற சிறு நகரம், நகரத் தேர்தலுக்கு மட்டும் 2013-இல் அதையே செய்தது. பின்லாந்தில் 2015-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி ஒவ்வொரு நகராட்சியும் இளைஞர் மன்றம் அமைத்தாக வேண்டும். இந்தியாவில் சட்டமன்றத்துக்குப் போட்டியிட 25 வயது ஆக வேண்டும், ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் 21 போதும். இது பலருக்குத் தெரிவதில்லை.

உரிமை இருப்பதால் மட்டும் கதவு திறந்துவிடாது. கவுன்சிலர் வேறு கணக்கும் போடுவார். உங்களுக்கு ஓட்டு இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் இருக்கிறது. இன்றைக்குப் பதினாறு வயதாக இருப்பவர் அடுத்த தேர்தலில் வாக்காளர். வார்டுத் தேர்தல்கள் மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் முடிவதும் உண்டு. இதை நீங்கள் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை, அவருக்கே நன்றாகத் தெரியும்.

படி 1: குறையைக் கோரிக்கையாக மாற்றுங்கள்

"எங்கள் பள்ளிப் பக்கம் சாலைப் பாதுகாப்பே இல்லை" என்பது குறை. "பள்ளியின் கிழக்கு வாசலுக்கு எதிரே பாதசாரிக் கடவை வரைந்து, மணிக்கு 30 கி.மீ. வேக வரம்புப் பலகையும் வைக்க வேண்டும், அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள்" என்பது கோரிக்கை. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும். அதிகாரி "சரி" என்று சொல்லிவிட்டால் மறுநாள் காலை யார், எந்த வேலையைத் தொடங்குவார்? இதற்குப் பதில் இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது இன்னும் குறைதான்.

ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள். பத்து அம்சக் கோரிக்கைப் பட்டியலோடு போனால், அதிலேயே சுலபமானதைச் செய்துவிட்டு "உங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது" என்று பதில் வரும். மரக்கன்று நடுவிழா நடக்கும், கடவை வராது.

இன்னொன்று. நீங்கள் கேட்பது கிடைத்தால் யாருக்குச் சிரமம் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். வாசலுக்கு எதிரே கடை வைத்திருப்பவர் வண்டி நிறுத்தும் இடத்தை இழக்கலாம். நூலகம் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருந்தால் ஊழியர் ஒருவர் வீடு திரும்பத் தாமதமாகும். இவர்களை நீங்களே போய்ப் பார்த்துப் பேசிவிடுவது நல்லது. மன்றக் கூட்டத்தில் முதல் தடவையாக அவர்கள் வாயிலிருந்து எதிர்ப்பைக் கேட்பது சங்கடம்.

படி 2: அது யார் கையில் இருக்கிறது?

இளைஞர் குழுக்களின் நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். சாலை ஒரு துறைக்குச் சொந்தம், அதன் ஓரத்து நடைபாதை இன்னொன்றுக்கு, விளக்குக் கம்பம் மின் நிறுவனத்துக்கு, சிக்னல் போக்குவரத்துக் காவலுக்கு என்று ஒரே இடத்துக்கு நாலு முதலாளிகள் இருப்பார்கள். தவறான அலுவலகத்தில் ஆறு மாதம் அலைந்தால் மிஞ்சுவது வெயிலும் வெறுப்பும்தான்.

உள்ளாட்சியில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். மன்ற உறுப்பினர், தலைவர், மேயர் ஆகியோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தீர்மானம் போடுவதும் பணம் ஒதுக்குவதும் அவர்கள் வேலை. ஆணையர், பொறியாளர், சுகாதார அலுவலர், எழுத்தர் ஆகியோர் நிர்வாகத்தினர். எது எங்கே இருக்கிறது, எந்தக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்பது இவர்களுக்குத்தான் தெரியும். தேர்ந்தெடுக்கப்பட்டவர் மனது வைத்தும் பொறியாளர் "சாத்தியமில்லை" என்று எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது. பொறியாளர் தயாராக இருந்தும் பணம் ஒதுக்கப்படாவிட்டாலும் முடிந்தது. இரண்டு பக்கமும் போக வேண்டும்.

ஒரு தாளை எடுத்து மூன்று பதவிகளை எழுதுங்கள்: ஒப்புதல் கையெழுத்துப் போடுபவர், வேலையைச் செய்து முடிப்பவர், நினைத்தால் நிறுத்திவைக்கக் கூடியவர். உள்ளாட்சியின் இணையதளம், அலுவலக அறிவிப்புப் பலகை, பழைய கூட்டங்களின் பதிவேடு இவற்றில் தேடினால் கிடைக்கும். கிடைக்கவில்லையா, நேராக முன்மேசையில் போய், "பள்ளி வாசலில் கடவை போட யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?" என்று கேளுங்கள். நேரடிக் கேள்விக்கு நேரடிப் பதில் பெரும்பாலும் வரும். கேட்பவர் பள்ளிச் சீருடையில் இருந்தால் உட்காரச் சொல்லிப் பதில் தருபவர்களும் உண்டு.

படி 3: எண்ணிப் பாருங்கள்

"நிறையப் பேர் கஷ்டப்படுகிறார்கள்" என்று சொன்னால் "அப்படியா" என்பார்கள். எண்ணிக்கை கொடுத்தால் மறுக்கவாவது அவர்களும் எண்ண வேண்டும்.

கடவை உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். காலையில் பள்ளி தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம் இரண்டு பேர் வாசலுக்கு எதிரே பாதுகாப்பான இடத்தில் நிற்க வேண்டும். ஒருவர் சாலையைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் எண்ணிக்கை தப்பும். நோட்டில் ஐந்து கட்டங்கள்: நேரம், கடந்தவர்கள் எத்தனை பேர், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், வழிவிட்ட வண்டிகள், வழிவிடாமல் போனவை. ஓரத்தில் குறிப்புக்கு இடம் விடுங்கள். "8.12, லாரி திடீர் பிரேக், இரண்டு சிறுவர்கள் பின்வாங்கினர்" என்ற மாதிரியான ஒரு வரி பின்னால் மன்றக் கூட்டத்தில் எல்லா எண்களையும் விட அதிகம் பேசும். ஐந்து பள்ளி நாட்கள் இப்படிச் செய்யுங்கள். நடுவில் மழை வந்தால் அந்த நாளை விட்டுவிடாதீர்கள்.

புகைப்படம் எடுக்கும்போது சிறுவர்களின் கண் மட்டத்தில் கேமராவை இறக்கி எடுத்துப் பாருங்கள். நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு நடுவிலிருந்து சாலை எவ்வளவு தெரிகிறது என்பது அப்போதுதான் புரியும். குழந்தைகளின் முகமும் வண்டி எண்ணும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சாதகமில்லாத எண் கிடைத்தாலும் மறைக்க வேண்டாம். பத்தில் ஏழு வண்டிகள் நின்று வழிவிட்டிருந்தால் அப்படியே எழுதுங்கள். நிற்காத மூன்றுக்காகத்தானே கடவையே கேட்கிறோம்! பொறியாளர் ஒருநாள் வந்து தானே எண்ணிப் பார்த்து, உங்கள் தாள் சரி என்று தெரிந்துகொண்டால், அதற்குப் பிறகு நீங்கள் கொண்டுபோகும் எதையும் அவர் நம்புவார்.

அரசிடம் ஏற்கெனவே இருக்கும் தகவலையும் கேட்டு வாங்கலாம். அந்தச் சாலையில் நடந்த விபத்துகள், கடைசியாக எப்போது பராமரித்தார்கள், எவ்வளவு செலவானது என்பதெல்லாம் ஆவணங்களில் இருக்கும். ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிய முதல் நாடு சுவீடன், அது 1766-இல். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக 30 நாட்களில் பதில் தர வேண்டும், பிரிட்டனில் 20 வேலை நாட்கள். "சாலைப் பாதுகாப்பு பற்றிய எல்லாத் தகவலும் வேண்டும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "இந்தச் சாலையில், இந்த மூன்று ஆண்டுகளில், பாதசாரிகள் தொடர்பான விபத்துப் பதிவுகளின் எண்ணிக்கை" என்று கேளுங்கள்.

கூடவே ஒரு பொதுவான அளவுகோலைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். 2020 பிப்ரவரியில் உலக நாடுகளின் அமைச்சர்கள் கூடி வெளியிட்ட ஸ்டாக்ஹோம் பிரகடனம், நடப்பவர்களும் சைக்கிளில் செல்பவர்களும் வாகனங்களோடு கலக்கும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது. அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபையும் அந்தப் பிரகடனத்தை ஆமோதித்தது. நீங்கள் கேட்பது விசித்திரமான ஒன்று இல்லை என்று காட்ட இது ஒரு வரி போதும்.

படி 4: பட்ஜெட் நாட்காட்டியைத் தேடி எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நல்ல கோரிக்கை, நல்ல ஆதாரம், நல்ல கவுன்சிலர் எல்லாம் அமைந்தும் "இந்த வருஷம் நிதி ஒதுக்கி முடிஞ்சாச்சு, முன்னாடியே வந்திருக்கலாமே" என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் ஏராளம். அந்தப் பதிலில் பொய் இல்லை. உள்ளாட்சியின் பணம் ஆண்டுக்கு ஒரு முறை பங்கு பிரிக்கப்படுகிறது. பங்கு பிரித்த பிறகு வரும் கோரிக்கை அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நிதியாண்டு ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதம். இந்தியாவிலும் பிரிட்டனிலும் ஜப்பானிலும் உள்ளாட்சிகளின் கணக்கு ஏப்ரலில் தொடங்குகிறது. நியூயார்க் நகரத்துக்கு ஜூலை 1. பிரான்சின் நகராட்சிகளுக்கு ஜனவரி. தொடங்கும் தேதியை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. மன்றத்தில் பட்ஜெட்டை வாசித்து நிறைவேற்றும் நாள் கடைசிக் கட்டம். அதற்குள் எல்லாம் முடிவாகியிருக்கும். அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒவ்வொரு பிரிவும் தனக்கு அடுத்த ஆண்டு என்ன வேண்டும் என்று பட்டியல் தயாரிக்கும். பொறியாளர் அந்தப் பட்டியலை எழுதும் வாரத்தில் உங்கள் தாள் அவர் மேசையில் இருக்க வேண்டும். ஏப்ரலில் கணக்கு தொடங்கும் இடமானால், முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபரிலேயே போய்ப் பார்ப்பது நல்லது.

பட்ஜெட் புத்தகத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். முழுவதும் படிக்கத் தேவையில்லை. உங்கள் கோரிக்கை எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று மட்டும் கண்டுபிடியுங்கள். கடவை என்றால் "சாலைப் பராமரிப்பு" அல்லது "போக்குவரத்துப் பாதுகாப்பு" மாதிரியான ஒரு வரி இருக்கும். அந்த வரியில் மூன்று எண்களைப் பாருங்கள்: போன ஆண்டு ஒதுக்கியது, உண்மையில் செலவானது, இந்த ஆண்டு ஒதுக்கியிருப்பது. ஒதுக்கியதை விடச் செலவு குறைவாக இருந்தால் மீதம் இருக்கிறது என்று அர்த்தம். சின்ன வேலைகளை ஆண்டுக் கடைசியில் அந்த மீதத்திலிருந்தே முடித்துவிட முடியும். ஆண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டுமே என்ற பதற்றம் அலுவலகத்துக்கும் அப்போது இருக்கும். உங்களுக்கு அது வசதி.

மக்களே பணத்தைப் பங்கிடும் பங்கேற்பு பட்ஜெட் முறை உங்கள் பகுதியில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் தொடங்கிய முறை இது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 2014-இல் இதை இளைஞர்களுக்கென்றே நடத்தியது. நகரப் பணத்தில் பத்து லட்சம் டாலரை எதற்குச் செலவிடுவது என்று 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் வாக்களித்து முடிவு செய்தார்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இல்லையென்றால், அதையே ஒரு கோரிக்கையாக வைக்கலாம். அது கொஞ்சம் நீண்ட ஆட்டம்.

படி 5: ஆள் சேர்ப்பது

ஐந்து பேர் போதும். ஆனால் ஐந்து பேரும் வர வேண்டும். ஒருவர் எழுத, ஒருவர் பேச, ஒருவர் கோப்பு வைத்துக்கொள்ள, ஒருவர் தேதிகளை நினைவுபடுத்த. ஐந்தாமவர் யாருக்காவது தேர்வு வரும்போது அந்த இடத்தை நிரப்ப.

வெளியே இருந்து மூன்று வகை ஆதரவு உதவும். பிரச்சினையில் நேரடியாகப் பாதிக்கப்படும் பெரியவர்கள், பெற்றோர் சங்கமோ முதியோரோ. விஷயம் தெரிந்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற பொறியாளர் மாதிரி. அப்புறம், நீங்கள் எதிர்பார்க்காத ஒருவர். அந்தத் தெருக் கடைக்காரரே கடவைக்கு ஆதரவாகக் கடிதம் தந்தால், அது நூறு மாணவர் கையெழுத்துக்குச் சமம். கட்சிக்காரர்கள் உதவிக்கு வந்தால் மரியாதையாகப் பேசுங்கள், பேனரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். எந்தக் கட்சி மன்றத்தில் இருந்தாலும் உங்கள் கோரிக்கை உயிரோடு இருக்க வேண்டும்.

படி 6: மனு

ஒரு பக்கம். அதற்கு மேல் போனால் படிக்கமாட்டார்கள். வரலாறு, தத்துவம், மேற்கோள் எதுவும் வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

பெறுநர்: நகராட்சிப் பொறியாளர்
நகல்: வார்டு மன்ற உறுப்பினர், பள்ளித் தலைமை ஆசிரியர்
பொருள்: பள்ளியின் கிழக்கு வாசலில் பாதசாரிக் கடவை அமைக்கக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

எங்கள் பள்ளி மாணவர்கள் தினமும் காலை 8 மணி முதல் 8.30 மணி வரை கிழக்கு வாசலுக்கு எதிரே சாலையைக் கடக்கிறார்கள். அங்கே கடவையோ வேக வரம்புப் பலகையோ இல்லை. நாங்கள் ஐந்து பள்ளி நாட்கள் எண்ணியதன் விவரத்தை இணைத்திருக்கிறோம்.

அந்த இடத்தில் ஒரு கடவையும் 30 கி.மீ. பலகைகள் இரண்டும் அமைக்க வேண்டுகிறோம். இடத்தை நேரில் பார்வையிட ஒரு நாள் குறித்துத் தந்தால், நாங்களும் வந்து காட்டுகிறோம். இம்மாத இறுதிக்குள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு, … (பெயர்கள், வகுப்பு, தொடர்புக்குப் பொறுப்பான பெரியவரின் எண்)

"நேரில் பார்வையிட" என்ற வரியைக் கவனியுங்கள். கடவையை உடனே தருவது அதிகாரிக்குக் கஷ்டம், வந்து பார்ப்பது சுலபம். வந்து பார்த்தால் பார்வையிட்ட குறிப்பு ஒன்று கோப்பில் ஏறும். அதன் பிறகு அந்தக் கோரிக்கை அவருடையதும் ஆகிவிடுகிறது.

மனுவைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிடாதீர்கள். நகலில் முத்திரை, தேதி, வரிசை எண் வாங்குங்கள். இணையத்தில் பதிவு செய்தால் எண்ணைக் குறித்து, திரையையும் படம் எடுத்து வையுங்கள். எண் இல்லாத மனு கொடுக்கப்படாத மனுதான்.

படி 7: கூட்டத்தில் மூன்று நிமிடம்

மன்றக் கூட்டங்களில் பொதுமக்கள் பேச அனுமதி இருக்கும் இடங்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். முன்கூட்டியே பெயர் பதிய வேண்டியிருக்கும். பேச அனுமதியே இல்லாத இடங்களில் உங்கள் மன்ற உறுப்பினர் மூலம் கேள்வியாகவோ தீர்மானமாகவோ கொண்டுவரச் சொல்லுங்கள். பேசுவதற்கு முன்பு ஒரு கூட்டத்தையாவது பார்வையாளராக உட்கார்ந்து பாருங்கள். யார் பேசினால் மற்றவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்பது எந்த இணையதளத்திலும் இருக்காது.

மூன்று நிமிடத்தில் முதல் வாக்கியமே கோரிக்கையாக இருக்கட்டும். "மாண்புமிகு" தொடங்கி நன்றி சொல்லிக்கொண்டே போனால் ஒரு நிமிடம் போய்விடும். கோரிக்கை, ஒரு எண், நோட்டில் உள்ள ஒரு சம்பவம், மறுபடியும் கோரிக்கை, முடிந்தது. பாதிக்கப்பட்டவரே பேசட்டும், வகுப்பிலேயே நன்றாகப் பேசுபவர் பேச வேண்டிய அவசியமில்லை. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். யாராவது குறுக்கே கேள்வி கேட்டு உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால், "பார்த்துவிட்டு எழுத்தில் தருகிறோம்" என்று சொல்லி அந்த வாரமே தாருங்கள்.

படி 8: சாக்குகளுக்குப் பதில்

உள்ளாட்சி அலுவலகத்தில் "முடியாது" என்ற வார்த்தையை அதிகம் கேட்கமாட்டீர்கள். வேறு வார்த்தைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கோபப்படாமல் கேட்க ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்.

"பார்க்கலாம்." இதுதான் மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் கேட்டதும் சந்தோஷமாகத் திரும்பிவிடுவோம். "சரிங்க, எந்தத் தேதியில் வந்து கேட்கலாம்?" என்று கேளுங்கள். தேதி கிடைத்தால் அன்றைக்கே ஒரு சின்னக் கடிதம்: "இன்று சந்தித்ததற்கு நன்றி, 20-ஆம் தேதி வரச் சொன்னீர்கள், வருகிறோம்." பேச்சு இப்போது எழுத்தாகிவிட்டது.

"நிதி இல்லை." எந்தத் தலைப்பில் இல்லை? மீதம் எவ்வளவு? அடுத்த ஆண்டுப் பட்டியலில் சேர்க்கக் கடைசி நாள் எது? படி 4-ஐ ஒழுங்காகச் செய்தவருக்கு இந்தப் பதில் ஒரு அழைப்பு.

"இது எங்கள் எல்லையில் வராது." இருக்கலாம், மறுக்க வேண்டாம். "யாருடையது என்று எழுதித் தருவீர்களா, அல்லது மனுவை அவர்களுக்கு அனுப்பி எங்களுக்கு நகல் தருவீர்களா?" என்று கேளுங்கள். இரண்டு அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டினால், இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் பின் அடித்து இரண்டுக்கும் மேலே உள்ளவரிடம் கொடுங்கள்.

"இதுவரை யாரும் புகார் சொன்னதில்லையே." அப்படியானால் நாங்கள் முதல் ஆள், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம்.

"படிக்கிற வேலையைப் பாருங்கப்பா." இதற்கு வாதம் செய்வது வீண். எண்ணிக்கைத் தாளை மேசையில் வைத்து, "இதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார்" என்று சொல்லி, உட்கார்ந்திருங்கள். தாளை எடுத்துப் பார்த்துவிட்டால் பேச்சின் தொனி பெரும்பாலும் மாறும். மாறாவிட்டால் அடுத்த முறை கூட ஒரு பெரியவரை அழைத்துப் போங்கள். பேசுவது நீங்களாகவே இருக்கட்டும்.

சில சமயம் மறுப்பு நியாயமாகவும் இருக்கும். அந்த இடம் சாலை வளைவு, அங்கே கடவை போட்டால் ஓட்டுநருக்குத் தெரியாது, ஆபத்து கூடும் என்று பொறியாளர் சொன்னால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலையே ஐம்பது அடி தள்ளித் திறக்கலாமா, காலையில் ஒரு காவலரை நிறுத்தலாமா என்று அவரையே கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது பத்திரமாகச் சாலையைக் கடப்பது, வெள்ளைக் கோடு அதற்கு ஒரு வழி மட்டும்தான்.

படி 9: எப்போது சத்தம் போடுவது?

முதல் நாளே செய்தியாளரைக் கூப்பிட்டால் அதிகாரி தற்காப்புக்குப் போய்விடுவார். குறித்த தேதிகள் இரண்டு மூன்று தாண்டியும் பதில் இல்லை, முத்திரையிட்ட நகல்கள் கையில் இருக்கின்றன என்ற நிலையில் உள்ளூர்ச் செய்தியாளரிடம் போனால், அவருக்கும் எழுத ஆதாரத்தோடு ஒரு கதை இருக்கும். சமூக வலைதளத்தில் போடும்போது பதவியைச் சொல்லுங்கள், ஆளைத் தாக்காதீர்கள், யாருடைய சொந்தத் தொலைபேசி எண்ணையும் போடாதீர்கள். ஊர்வலம், ஆர்ப்பாட்டம் என்றால் அனுமதி விதிகளை முதலில் பாருங்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் வீட்டுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.

பொறுமைக்கு ஒரு உதாரணம். இந்தோனேசியாவின் பாலித் தீவில் மெலாட்டி, இசபெல் விஜ்சன் என்ற சகோதரிகள் 2013-இல் பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக இயக்கம் தொடங்கியபோது அவர்களுக்கு வயது 12, 10. கடற்கரைத் துப்புரவு, கையெழுத்துச் சேகரிப்பு, ஆளுநருடன் சந்திப்பு எல்லாம் நடந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு மாகாண அரசின் தடை நடைமுறைக்கு வந்தது 2019-இல். ஒரு சிறுமி பள்ளியை முடித்துவிடும் அளவுக்கு நீண்ட காலம் அது. கடவைக்கு அவ்வளவு ஆகாது. ஆனால் ஒரு பருவத்தில் முடியவில்லை என்றால் தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

குழுவில் சேரச் சொல்லி அழைத்தால்

கொஞ்சம் பெயர் வந்ததும் இளைஞர் ஆலோசனைக் குழுவுக்கு அழைப்பு வரலாம். போகலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போங்கள். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃப் வெளியீட்டில் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழே உள்ள மூன்று படிகளை, அதாவது சூழ்ச்சி, அலங்காரம், பேருக்குச் சேர்த்தல் ஆகியவற்றை, பங்கேற்பே இல்லை என்று ஒதுக்கிவிட்டார். மேடையில் உட்காரவைத்துப் பூங்கொத்துக் கொடுக்கச் சொல்லும் குழுக்கள் அந்த மூன்றில் ஒன்றில்தான் நிற்கின்றன.

சேரும் முன் கேளுங்கள்: குழு ஆண்டுக்கு எத்தனை முறை கூடும்? பரிந்துரை கொடுத்தால் மன்றம் எத்தனை நாளில் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்? குழுவுக்கென்று கொஞ்சமாவது நிதி உண்டா? கூட்டம் பள்ளி நேரத்திலா, மாலையிலா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூடும் இளைஞர் குழுவுக்கு எந்த இளைஞர் வருவார்?

"ஆகட்டும்" என்று சொன்ன பிறகு

ஒப்புதல் வந்ததும் பலர் படம் எடுத்துப் போட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். தீர்மானத்துக்கும் வேலைக்கும் நடுவில் மதிப்பீடு, டெண்டர், வேலை ஆணை என்று இன்னும் சில மேசைகள் இருக்கின்றன. தீர்மான எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு மாதம் ஒரு முறை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேட்டு வாருங்கள். வேலை நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். கேட்ட இடத்தில்தான் கோடு போடுகிறார்களா, பலகை மரக்கிளைக்குப் பின்னால் மறைகிறதா என்பதையெல்லாம் அன்றைக்கே சொன்னால் திருத்துவது சுலபம். முடிந்ததும் பொறியாளருக்கும் அந்த எழுத்தருக்கும் பெயர் குறிப்பிட்டு நன்றிக் கடிதம் எழுதி, மேலதிகாரிக்கு நகல் அனுப்புங்கள். அந்த அலுவலகத்துக்குத் திட்டி வரும் கடிதங்களே அதிகம்.

இளைஞர் குழுக்களுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு, எல்லோரும் படிப்பை முடித்துக் கிளம்பிவிடுவார்கள். அலுவலகமும் சில சமயம் அதற்காகவே காத்திருக்கும். அதனால் கோப்பை ஒரு ஆளின் போனில் வைக்காதீர்கள். மனு நகல்கள், எண்ணிக்கைத் தாள்கள், யாரை எப்போது பார்த்தோம், என்ன சொன்னார்கள் என்ற நாள்வாரிக் குறிப்பு, அடுத்து வரும் பட்ஜெட் தேதிகள் எல்லாம் ஒரே உறையிலும், எல்லோருக்கும் திறக்கும் ஒரு இணையக் கோப்புறையிலும் இருக்கட்டும். போகிறவர் போவதற்கு முன் புதியவரைப் பொறியாளரிடம் நேரில் அழைத்துப் போய் அறிமுகப்படுத்திவிட வேண்டும். புதியவருக்கு முதல் வேலையும் தயாராக இருக்கும். வண்டிகள் ஓட ஓடக் கடவையின் வண்ணம் தேய்ந்துகொண்டே வரும். மறுபடி அடிக்கும் தேதி பராமரிப்புப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று அவர் கேட்டு வரட்டும்.